ஒரு கை மடவை

பேர் எழுதவில்லை. அக்காவே கேட்டுக்கொண்டது. "எங்கியும் என் பேரு வராம பாத்துக்க நைனா" என்றது. அதனால் அக்கா என்று மட்டும் எழுதுகிறேன். முகத்துவாரக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். குப்பத்துக்கு வெளியே தெரியாமல் இருந்தால் போதும்.

நான் வண்டி ஓட்டுகிறவன். காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றி எண்ணூர் வரை இறக்குவேன். படிப்பு ஆறாவதோடு போச்சு. பேச்சும் எனக்கு வராது. அக்காவுக்குப் பேச்சு நிற்காது. அதனால் ஒத்துப்போனது.

அக்கா ஆற்றோரம் மீன் விற்றது. நண்டு, இறால், மடவை மீன். இந்தப் பக்கம் கூடை. அந்தப் பக்கம் போன். காலி ஐஸ் பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்து, வியாபாரம் தொடங்கும் முன் அதைப் பார்த்துப் பேசி வீடியோ போடும்.

"வணக்கம் மக்களே. இன்னிக்கி தண்ணி இன்னா கலருல கீதுன்னு நீங்களே பாருங்க."

ரெண்டு கையாலும் ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் காட்டும். சில நாள் கருப்பு. சில நாள் சாம்பல். சில நாள் நல்ல தண்ணீர். நல்லதாக இருந்தால் நல்லா இருக்கிறது என்றே சொல்லும். அந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது என்று யார் பேரையும் சொல்லாது. "பேரு எதுக்கு? நான் தண்ணிய காட்றேன். மிச்சத்த பாக்குறவன் பேசிக்கட்டும்." வருஷக்கணக்காக இப்படி. மழை வந்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் காட்டும். நிறைய பேர் பார்த்தார்கள். எவ்வளவு பேர் என்று அக்கா கேட்டதில்லை.

அக்காவிடம் ஒரு குணம். வந்த ஆளை வெறுங்கையாக அனுப்பாது.

எங்கள் பக்கம் வலை இழுக்கும்போது வழியில் போகிறவனும் கை கொடுப்பான். போகும்போது அவனுக்கு ஒரு கை மீன் அள்ளிப் போடுவார்கள். அது கூலி இல்லை. யாரும் கேட்பதும் இல்லை, எண்ணுவதும் இல்லை. எல்லோரும் இதை வலையோடு நிறுத்திக்கொள்வார்கள். அக்கா நிறுத்தவில்லை. தபால் கொண்டு வந்தவர், சொட்டு மருந்து ஊற்ற வந்த பெண், வழி கேட்டவன், எல்லோருக்கும் ஒரு கை.

ஒரு முறை அக்கா வீட்டுக் கரண்ட் பில் கட்டவில்லை என்று லைனைப் பிடுங்க ஆள் வந்தார். கம்பத்தில் ஏறிப் பிடுங்கிவிட்டு இறங்கினார். அக்கா மீனோடு நின்றது.

"யம்மா, நான் கட் பண்ண வந்தேன்மா."

"கட் பண்ட்டல்ல? வெயில்ல ஏறி எறங்கினல்ல? புடி."

அவர் என்னைப் பார்த்தார். நான் வாங்கிக்கொள்ளச் சொல்லித் தலையாட்டினேன். வாங்கிப் பைக்குள் அமுக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. "வால வெளிய வை. உள்ள மடிச்சா நசுங்கும். ஆரு பாத்தா இன்னா? திருட்டுச் சாமானா?"

அதுதான் அக்காவின் அடையாளம். பையில் மீன் வால் நீட்டிக்கொண்டு ஒருவர் பஸ் ஏறினால், ஆற்றோரம் அக்காவிடம் இருந்து வருகிறார் என்று அர்த்தம்.

எனக்கும் பழக்கம் அப்படித்தான் ஆனது. வண்டி பஞ்சராகி அக்கா கூடைக்கு எதிரே நின்றேன். முட்டுக் கொடுக்கக் கல் தூக்கி வந்தது அக்கா. குடிக்கத் தண்ணீர் கொடுத்தது அக்கா. நான் ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் மீனும் எனக்குத்தான். ஏன் என்று கேட்டேன். "பஞ்சரு ஆனது உனுக்கு தானே" என்றது.

போகப் போக ஆட்கள் வந்து அக்கா போன் முன்னால் பேச ஆரம்பித்தார்கள். நண்டு பிடிக்கிறவர்கள், கூடைக்காரப் பெண்கள். என்னையும் இழுத்து நிறுத்தியது. நான் சொன்னது நாலு வார்த்தை. "தண்ணி சூடு. மீன் இல்ல." அக்கா சிரித்தது. "இதுக்கு மேல இவன் வாய்ல கயிறு கட்டி இஸ்தாலும் வராது." பேசினவர்களுக்கெல்லாம் ஒரு கை மீன் போட்டது. எனக்குக் கொஞ்சம் அதிகம்.

"ஒர்த்தன் பொயப்ப வுட்டுட்டு வந்து பேசுறான். அவன் வாய வாங்கிக்கினு வெறுங்கையா அனுப்பினா நல்லாவா கீது?"

இதில் தப்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எலெக்ஷன் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அக்காவிடம் வந்தார். பெரிய கட்சி. எங்கள் பக்கத்து எலெக்ஷன் வேலையெல்லாம் அவர் பொறுப்பு. வந்தவர் ஐஸ் பெட்டி மேல் ஒரு கவரை வைத்தார்.

"இன்னாக்கா, உன் பேச்சுக்கு நல்ல மவுசு. நம்ம ஆளுக்கு டெய்லி நாலு வார்த்த பேசு. போதும்."

அக்கா கவரைக் கெட்டுப்போன இறாலைப் பார்ப்பதுபோல் பார்த்தது. "எடு. என் வாயி வாடகைக்கு வுடறது இல்ல."

"ஊரே வாங்குதுக்கா."

"வாங்கட்டும். கவரு ஈரமாவுது பாரு, எடு."

அவர் எடுத்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. நாலு எட்டு போயிருப்பார்.

"மாமு, நில்லு. இம்மாந்தூரம் வெயில்ல வந்துகீற. இந்தா, ரெண்டு நண்டு."

அவர் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். கவர் ஒரு கையில், நண்டுப் பை ஒரு கையில். பைக்குள்ளிருந்து நண்டுக் கால் நீட்டிக்கொண்டு ஆடியது. நான் பார்த்தேன்.

எங்கள் குப்பத்திலிருந்து ஒரு தம்பி சுயேச்சையாக நின்றான். படகு ஓட்டுகிறவன். ஆற்றுக்காக நிற்கிறேன் என்றான். அக்காவை அத்தை என்று கூப்பிடுவான். சொந்தம் இல்லை. பேசச் சொல்லி அவன் கேட்கவும் இல்லை. அக்காவாகவே பேசியது. தண்ணீரைக் காட்டிவிட்டு, "இந்தப் பையனுக்குப் போடுங்க. கெலிச்சா தண்ணியப் பத்தி கேப்பான். கேக்கலன்னா நான் அவன கேப்பேன்" என்றது. ஆட்கள் வந்தார்கள். பேசினார்கள். நானும் அதே நாலு வார்த்தையைச் சொன்னேன். எல்லோரும் மீன் வாங்கிக்கொண்டு போனோம். போன் ஓடிக்கொண்டே இருந்தது. மீன் போடும்போது அதை நிறுத்த வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியாது. நிறுத்த என்ன காரணம் இருக்கிறது?

காசிமேட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். கூட வண்டி ஓட்டுகிறவன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இன்னா மாமு, ஓட்டு ஒரு கை மடவையா? நான் ரெண்டு கைக்கு கீறேன்னு உங்கக்காகிட்ட சொல்லு."

பார்த்தேன். அக்கா "இந்தப் பையனுக்குப் போடுங்க" என்கிறது. அடுத்தது என் கை நீள்கிறது. மீன் விழுகிறது. நடுவில் நான் சொன்ன நாலு வார்த்தையைக் காணோம். வெட்டி எடுத்துவிட்டார்கள். கீழே 'மீனுக்கு ஓட்டு' என்று எழுதியிருந்தது. போட்டவன் பேர் இல்லை. போனில் யாரோ திறந்து வைத்த ஒரு பக்கம். பாட்டு கேட்கிறவன் போனில் பாட்டுக்கு நடுவே வருகிறது, சமையல் பார்க்கிறவள் போனில் சமையலுக்கு நடுவே வருகிறது. காசு கட்டினால் அப்படி எல்லா போனுக்கும் தள்ளிவிடலாமாம்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மீனை எப்போதோ தின்று முடித்தாயிற்று. திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அன்று மத்தியானமே எலெக்ஷன் பறக்கும் படை ஜீப் குப்பத்துக்குள் வந்தது. காமிராவோடு இறங்கினார்கள். அக்கா கையில் ஒரு நோட்டீஸ். தம்பிதான் படித்துச் சொன்னான். ஓட்டுக்காகப் பொருள் கொடுத்தால் குற்றம். வாங்கினாலும் குற்றம். அந்த வீடியோக்கள் பிரச்சாரம். ஆன செலவு வேட்பாளர் கணக்கில் ஏறுமா, இல்லை அவனுக்குத் தெரியாமல் செய்ததா, நாளைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். புகார் கொடுத்தது வெள்ளைச் சட்டைக்காரர்.

வாங்கினாலும் குற்றம். அந்த இடத்தை நான் மறுபடியும் படிக்கச் சொன்னேன். அவன் படித்தான்.

தம்பி நோட்டீஸை மடித்தான். "அத்த, இது என் கணக்குல வந்துச்சுன்னா நான் காலி. ஜெயிச்சாலும் புடுங்கிடுவாங்க. போன்ல கீறத எல்லாம் அழிச்சிடு."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

"தண்ணி கூடவா?"

அவன் போனுக்குக் கை நீட்டினான். அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு போனை நீட்டியது. "நீயே பண்ணு. எனுக்கு அது தெரியாது."

அக்காவுக்குத் தெரியும். அவன் வாங்கி அழுத்தினான். வருஷக்கணக்கான தண்ணீர் ஒரு விரலில் போச்சு.

மறுநாள் காலையில் என் வண்டியில்தான் போனோம். எனக்கு நோட்டீஸ் இல்லை. வராமலும் இருக்க முடியவில்லை. அக்கா மடியில் ஒரு பை. உள்ளே என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆபீசில் விசாரித்தது ஒரு அம்மா. கண்ணாடி போட்டவர். ராத்தூக்கம் இல்லாத முகம். மூலையில் காமிரா நின்று படம் பிடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர்.

அக்காதான் முதலில் ஆரம்பித்தது. "யம்மா, நான் பேசினது தப்பா?"

"பேசறது தப்புன்னு யாரும் சொல்லலம்மா. பேசறதுக்குன்னோ ஓட்டு போடறதுக்குன்னோ ஏதாவது கொடுத்தாதான் அது என் வேலை. யார் செலவு, யாருக்காகச் செலவு, அதைத்தான் நான் பார்க்கணும்."

"அப்ப என் மூஞ்சிய வெட்டி ஒட்டி ஊரு பூரா வுட்டானே, அவன்? அவன் துட்டு கட்டி தானே வுட்றான்? அவன கூப்ட்டீங்களா?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதுல பேர் இல்லம்மா. பணம் கட்டினது யாருன்னு கேட்டு எழுதியிருக்கோம். பதில் வர்றதுக்குள்ள எலெக்ஷனே முடிஞ்சிடும்." குரலைக் குறைத்தார். "உங்களுக்கு முகம் இருக்கு, பேர் இருக்கு. அதனால சீக்கிரம் கிடைச்சிட்டீங்க."

மறுபடி பேனாவை எடுத்தார்.

"மீன் யாருது?"

"என்னுது."

"கொடுக்கச் சொன்னது வேட்பாளரா?"

"அவன் ஆரு எனுக்கு சொல்றதுக்கு?"

"உங்களை அத்தைன்னு கூப்பிடறாராமே?"

"குப்பமே கூப்புடும். என் புருஷன் கூட கூப்ட்டு கீறாரு, கோவம் வந்தா."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "வாங்கினவங்க பேர் சொல்லுங்க."

வீடியோவில் இருக்கிற முகம் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

"மீனு தான்மா எனுக்கு ஞாபகம் இருக்கும். வாங்கினவன் மூஞ்சி நிக்காது" என்றது அக்கா.

"சரி. எலெக்ஷனுக்கு முன்னாடியும் இப்படிக் கொடுப்பீங்களா?"

"எப்பவும்."

"அதைக் காட்ட ஏதாவது இருக்கா? பழைய வீடியோ?"

"இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"நேத்து போயிட்ச்சு. அழிச்சாச்சு."

"நோட்டீஸ் வந்ததுக்கு அப்புறமா?"

"ஆமாம்மா."

"ஏம்மா அழிச்சீங்க? அது ஒண்ணுதான் உங்களைக் காப்பாத்தியிருக்கும்."

தம்பி அழித்தான் என்று அக்கா சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். முழுங்கிவிட்டது. "பயம்" என்றது. அந்த வார்த்தையை அக்கா வாயில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் எழுதினார். அக்கா உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டது. அவர் பார்த்துவிட்டு, தன் பாட்டிலையே எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா குடித்தது.

"போங்க. திரும்பக் கூப்பிட்டா வரணும்."

அக்கா எழுந்தது. கை பைக்குள் போனது. எனக்குப் புரிந்துவிட்டது. முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் மேசை மேல், விசாரணைக் காகிதத்துக்குப் பக்கத்தில், ஒரு கை மடவை. காகிதத்தில் சுற்றியிருந்தது. வால் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"என்னம்மா இது?"

அக்கா தன் கையைப் பார்த்தது. அது வேறு யாருடைய கையோ மாதிரி. "தண்ணி குடுத்தீங்களே" என்றது.

"இதுக்கே தனியா இன்னொரு கேஸ் போடலாம். தெரியுமா?"

"கை தானா பூட்ச்சும்மா."

வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா மேடம்? ஆபீசுலயே குடுக்குது! இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

அக்கா திரும்பியது. "மாமு, நீ பேசாத. உனுக்கு ரெண்டு நண்டு குடுத்தேனே, எதுக்கு குடுத்தேன்? உன் ஓட்டு எனுக்கா? நீ கொணாந்த கவர நான் தொடக்கூட இல்ல. நண்ட மட்டும் எத்துகினு பூட்டல்ல?"

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "நீங்க வாங்கினீங்களா?"

"அது... அது வேற மேடம்."

"என்னத்துக்குக் கொடுத்தாங்க?"

"ஒண்ணுத்துக்கும் இல்ல மேடம். சும்மா குடுத்துச்சு."

"சும்மாவா?"

"சும்மா."

அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். அவரையே கையெழுத்துப் போடச் சொன்னார். கவர் என்ன கவர் என்று அவரை உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தார். அவர் பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்தார்.

எங்களைப் பார்த்து, "மீனை எடுத்து உள்ள வைங்கம்மா" என்றார். "பேசுங்க. உங்க வாய் உங்களுது. ஆனா ஓட்டுப்பதிவு முடியற வரைக்கும் யாருக்கும் எதையும் கொடுக்காதீங்க."

"வந்து பேசுறவனுக்கு?"

"அவங்களுக்கு முக்கியமா கொடுக்கக் கூடாது."

அக்கா மீனைப் பைக்குள் வைத்தது. நின்று யோசித்தது.

"அப்ப நான் பேசல" என்றது.

திருவொற்றியூர் தாண்டின பிறகுதான் வாய் திறந்தது. "அந்தம்மா சொல்றது நாயம் தான் நைனா. நான் ஒரு கை மீனு குடுத்தா, துட்டு கீறவன் ஒரு லாரி குடுப்பான். ரெண்டயும் எத்த வச்சி பிரிப்பாங்க, பாவம்." கொஞ்சம் தள்ளி, "ஆனா நான் எப்டி..." என்றது. முடிக்கவில்லை.

நானும் யோசித்தேன். எனக்கும் பிடிபடவில்லை. இன்றைக்கும் பிடிபடவில்லை.

ஓட்டு முடியும் வரை போன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தது. ஆட்கள் வந்து, "யக்கா, ரெண்டு வார்த்த பேசிட்டு போறோம்" என்றார்கள். போகச் சொல்லிவிட்டது. வலை இழுக்கும் இடத்துக்கும் போகவில்லை. ரெண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும். ஜீப் சத்தம் கேட்டால் நிமிரும். நானும் நிமிர்வேன். அக்கா பேசாததாலோ என்னவோ, குப்பத்தில் வேறு யாரும் அந்தத் தம்பிக்காகப் பேசவில்லை. அந்தப் பேர் இல்லாத பக்கம் மட்டும் கடைசி நாள் வரை ஓடியது. ஓட்டு முடிந்த மறுநாள் தேடினேன். பக்கமே இல்லை.

தம்பி தோற்றான். அக்காவை ஆபீசில் திரும்பக் கூப்பிடவில்லை. கேஸ் முடிந்தது என்றும் யாரும் சொல்லவில்லை.

ரொம்ப நாள் கழித்துத் தம்பி வந்து எதிரே நின்றான். "அத்த, மறுபடி தண்ணிய புடிச்சி போடு."

"எத்தோட பக்கத்துல வச்சி காட்றது? நீ அழிச்ச பழய தண்ணி எங்க கீது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் போகும்போது அக்கா கை கூடைப் பக்கம் போனது. பாதியில் நின்றது. அவன் வெறுங்கையாகப் போனான்.

அக்கா இப்போது குப்பத்தில் இல்லை. மகள் வீட்டோடு போய்விட்டது. கிளம்பும் முன் கடைசியாக ஐஸ் இறக்கப் போனபோது, "நில்லு" என்றது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது.

"ஆருனா போன் புடிக்கிறானா பாரு நைனா."

பார்த்தேன். யாரும் இல்லை. பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்து என் சீட்டுக்கு அடியில் தள்ளியது. "வூட்டுக்கு போயி பிரி. போ, போ."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தேன். காகிதம். அதற்குள் இன்னொரு காகிதம். உள்ளே ஒரு கை மடவை.

வாலை மடக்கிக் கட்டியிருந்தது.